பேஸ்பால் அட்டைகளுக்கு நம்பர் போட்ட மனிதர்: யார் இந்த ஜெஃபர்சன் பர்டிக்?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர் மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டத்தின் சின்னப் பேரூராட்சி. இங்கேயும் சரி, அந்தப் பக்கம் சிதம்பரம், கடலூர் வரையிலும் சரி, 1980, 90களில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் என்ன சேர்த்தீர்கள்?

தீப்பெட்டிப் படம் என்பார் ஒருவர். காலி சிகரெட் பெட்டியின் மேலட்டை என்பார் இன்னொருவர். பிக் ஃபன் பபிள்கம் வாங்கினால் உள்ளே வருமே, கிரிக்கெட் வீரர் படமும் ரன் கணக்கும் போட்ட சின்னத் துண்டு, அதைச் சொல்லும்போதே சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். கொஞ்சம் பின்னால் பிறந்தவர்கள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு என்பார்கள். அண்டர்டேக்கர் ஒன்று கையில் இருந்தால் அன்றைக்கு அவன்தான் கிளாஸில் ராஜா.

அதெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார், இல்லையென்றால் பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது போகி நெருப்பில் போய்விட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே பையன்கள் சேர்த்தது பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டை. கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், கோடிக்கணக்கில் குப்பைக்குப் போனது. ஆனால் அங்கே ஒரே ஒரு மனிதர் மட்டும் வேறு மாதிரி நினைத்தார். இந்த அட்டைகளில் மொத்தம் எத்தனை வகை இருக்கிறது, ஒவ்வொன்றையும் யார் வெளியிட்டார்கள், எந்த வருஷம் வந்தது என்று ஒரு கணக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். அவர் பெயர் ஜெஃபர்சன் பர்டிக். பணக்காரர் இல்லை, பேராசிரியர் இல்லை. எலக்ட்ரிக்கல் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விரல்களை மடக்க விடாத மூட்டுவாத நோயாளி.

இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு பழைய பேஸ்பால் அட்டை ஏலத்துக்கு வந்தாலும் அவர் போட்ட நம்பரைச் சொல்லித்தான் கூவுகிறார்கள்.

சிகரெட் பெட்டிக்குள் அட்டை எப்படி வந்தது?

பர்டிக் கதைக்குப் போகும் முன் அட்டையின் கதையைப் பார்த்துவிடலாம். பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒருவர் பந்தை வீச, இன்னொருவர் உருண்டை மட்டையால் அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அது அப்படி.

அப்போது சிகரெட் மெல்லிய காகித உறையில் வந்தது. சட்டைப் பையில் போட்டால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வைப்பதுதான் வைக்கிறோம், அதில் ஒரு படம் போட்டால் என்ன என்று புகையிலைக் கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றியது. 1880களில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் இருந்த ஆலன் அண்ட் கின்ட்டர் கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்தது. நடிகைகள், பறவைகள், கொடிகள், பூர்வகுடித் தலைவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், கூடவே பேஸ்பால் வீரர்கள். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896இல் கிரிக்கெட் வீரர்கள் வரிசை ஒன்றை வெளியிட்டது. அதில் நம் ரஞ்சித்சிங்ஜியும் இருந்தார். ரஞ்சி கோப்பைக்குப் பெயர் கொடுத்த அதே ரஞ்சி, சிகரெட் பெட்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்தவர்.

படம் பார்க்க அழகாக இருந்ததால் மட்டும் இது ஓடவில்லை. ஒரு வரிசையில் 50 படம் என்றால் 50ஐயும் சேர்க்க வேண்டும் என்ற அரிப்பு வரும். அரிப்பு வந்தால் இன்னொரு பெட்டி வாங்குவார்கள். புகைப்பது அப்பா, சேர்ப்பது பிள்ளை. வேறு பிராண்டில் வேறு படம் வருகிறது என்று தெரிந்தால் பிராண்டை மாற்றச் சொல்லி அப்பாவை நச்சரித்த பிள்ளைகளும் உண்டு. வியாபாரத் தந்திரம் என்று பார்த்தால் கொஞ்சம் கொடூரமான தந்திரம்தான்.

1890இல் பெரிய புகையிலைக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ என்ற ஏகபோகக் கம்பெனி ஆனது. போட்டி போச்சு, அட்டையும் மெல்ல நின்றது. பிறகு 1909இல் திரும்ப வந்தது. 1909 முதல் 1911 வரை 16 பிராண்டு சிகரெட்டுகளில் 500க்கும் மேற்பட்ட பேஸ்பால் படங்கள் வந்தன. வெள்ளை ஓரம் வைத்து, வண்ணத்தில் அச்சடித்த, நம் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத சின்ன அட்டைகள்.

அந்த அட்டைகள் வந்தபோது பர்டிக்குக்கு வயது 9 முதல் 11.

சென்ட்ரல் ஸ்கொயர் பையன்

1900இல் நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் ஸ்கொயர் என்ற சிற்றூரில் பிறந்தவர் பர்டிக். நியூயார்க் மாநிலம் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க் நகரத்திலிருந்து பல மணி நேரம் வடக்கே போக வேண்டும். பக்கத்து ஊர் என்றால் சிரக்யூஸ். நம் கணக்கில் சொன்னால் சென்னைக்கும் மங்கலம்பேட்டைக்கும் இருக்கிற தூரத்தைவிட அதிகம்.

மற்ற பையன்கள் மாதிரி அவரும் சின்ன வயதில் சிகரெட் அட்டை சேர்த்தார். மற்ற பையன்கள் வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். இவருக்கு அந்த ஆசை திரும்ப வந்தது. சிரக்யூஸில் கிரவுஸ்-ஹைண்ட்ஸ் என்ற கம்பெனியில் வேலை. டிராஃபிக் சிக்னல் விளக்கு, மின்சாரப் பொருத்துகள் செய்கிற இடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை அறையில் தனி வாழ்க்கை. முப்பதுகளிலேயே மூட்டுவாதம் பிடித்துக்கொண்டது. நின்று வேலை பார்ப்பது, விரலால் சிறு பாகங்களைப் பொருத்துவது என்று அவர் செய்த வேலைக்கும் அந்த நோய்க்கும் கொஞ்சமும் ஒத்துவராது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் அட்டைகள்.

1930கள் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். அட்டைக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். அதனாலேயே சேர்ப்பவருக்கு அது நல்ல காலம். பரணில் கிடந்த பழைய ஆல்பங்களைச் சில்லறைக் காசுக்குத் தள்ளிவிட்டார்கள். பர்டிக் வாங்கினார், வாங்க முடியாததற்கு மாற்றிக்கொண்டார்.

இந்த ‘மாற்றிக்கொள்வது’ என்கிற விஷயத்தில்தான் சிக்கல் வந்தது.

பட்டியல் இல்லாமல் பேரம் இல்லை

ஒரு டீமுக்கு வெறியான ரசிகர் எப்படி அட்டை மாற்றுவார் என்று யோசித்துப் பாருங்கள். மங்கலம்பேட்டையில் ஒரு பையன் தீவிர சிஎஸ்கே ரசிகன் என்று வையுங்கள். அவனிடம் மும்பை வீரர் நாலு பேர் இருந்தால் நாலையும் கொடுத்து ஒரு மஞ்சள் சட்டையை வாங்கிவிடுவான். அவனிடம் தோனி இரண்டு இருந்தால்? ஒன்றைக் கொடுப்பானா? கொடுத்தாலும் எதிராளியின் சொத்தைப் பாதி எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்பான். பிட்ஸ்பர்க் பையனுக்குப் பைரட்ஸ் வீரர், புரூக்ளின் பையனுக்கு டாட்ஜர்ஸ் வீரர். அங்கேயும் அதே பேரம், அதே சண்டை.

நேருக்கு நேர் உட்கார்ந்து மாற்றினால் பிரச்சினை இல்லை. ஆனால் சிரக்யூஸில் இருப்பவர் இல்லினாயில் இருப்பவரிடம் தபாலில் மாற்ற வேண்டும் என்றால்? அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது? நீல நிறப் பின்னணி, வெள்ளை ஓரம், வீரர் மட்டையோடு நிற்கிறார், பின்பக்கம் இந்த சிகரெட் விளம்பரம் என்று ஒவ்வொரு அட்டைக்கும் அரைப் பக்கம் எழுதணும். அப்படி எழுதினாலும் அவர் நினைப்பதும் இவர் நினைப்பதும் ஒரே அட்டைதானா என்பது தெரியாது. இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. ஒரு வரிசையில் மொத்தம் எத்தனை அட்டை? அச்சடித்த கம்பெனி பல நேரம் சொன்னதே இல்லை. மொத்தம் தெரியாவிட்டால் தன்னிடம் எது இல்லை என்பதும் தெரியாது.

கம்பெனிகள் இதை வேண்டுமென்றே செய்ததும் உண்டு. 1933இல் கவுடி என்ற பபிள்கம் கம்பெனி 240 நம்பர் போட்ட ஒரு பேஸ்பால் வரிசையை வெளியிட்டது. அதில் 106ஆம் நம்பர் மட்டும் யாருக்கும் வரவில்லை. பையன்கள் பபிள்கம் வாங்கி வாங்கி மென்றார்கள். வராது, ஏனென்றால் அந்த நம்பரை அந்த வருஷம் போடவே இல்லை. கடிதம் எழுதிப் புகார் செய்தவர்களுக்கு மட்டும் 1934இல் நாப் லஜோய் என்ற பழைய வீரரின் படத்தோடு 106ஐத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். எல்லா நம்பரும் சேர்த்தால் பரிசு என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு நம்பரை மட்டும் ஒளித்துவைக்கும் மிட்டாய்க் கம்பெனிகளை நம் பக்கத்துப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள்.

பர்டிக் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. யாரும் சொல்லாத மொத்தக் கணக்கை அவர் சொன்னார். நாடெங்கும் இருந்த சேகரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். உங்களிடம் என்ன இருக்கிறது, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1937இல் கார்டு கலெக்டர்ஸ் புல்லட்டின் என்ற சிறு இதழைத் தொடங்கினார். 1939இல் முதல் பட்டியல் புத்தகமாக வந்தது. திருத்திப் பெரிதாக்கிய பதிப்பு 1946இல் அமெரிக்கன் கார்டு கேட்டலாக் என்ற பெயரில் வந்தது. பிறகு 1953, 1960 என்று இரண்டு தடவை மறுபடி திருத்தினார்.

டி206 என்றால் என்ன?

பட்டியலின் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. ஓர் எழுத்து, ஒரு நம்பர். 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை என்றால் ‘என்’. 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை என்றால் ‘டி’. பழைய மிட்டாய் அட்டைக்கு ‘இ’. 1930க்குப் பிறகு வந்த பபிள்கம் அட்டைக்கு ‘ஆர்’. அந்தப் பிரிவுக்குள் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நம்பர்.

1909-11இல் வந்த அந்த வெள்ளை ஓர வரிசைக்கு அவர் கொடுத்த நம்பர் டி206. கவுடி வரிசைக்கு ஆர்319. ஆலன் அண்ட் கின்ட்டரின் உலக சாம்பியன்கள் வரிசைக்கு என்28. இனிமேல் கடிதத்தில் அரைப் பக்கம் எழுத வேண்டியதில்லை. டி206 என்று எழுதி வீரர் பெயரைப் போட்டால் தபாலின் அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சட்டென்று விளங்கும். நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுகிற மாதிரி, குப்பைக்குப் போக வேண்டிய காகிதத்துக்கு எண் போட்டார்.

விலையும் போட்டார். பெரும்பாலான அட்டைக்குச் சில சென்ட்டுகள். ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் 50 டாலர். அந்தக் காலத்துக்கு அது கண்ணைப் பறிக்கும் தொகை. அந்த அட்டையில் இருந்தவர் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் வீரர் ஹோனஸ் வாக்னர்.

வாக்னர் யார் என்று தெரியாதவர்களுக்காக: ஜெர்மனியிலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 12 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். தேசிய லீக்கில் எட்டு தடவை பேட்டிங்கில் முதல் இடம். 1936இல் பேஸ்பாலின் புகழ்க் கூடத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் ஒருவர். டி206 வரிசையில் இவர் படம் அச்சாகத் தொடங்கி, சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அனுமதி கொடுக்க மறுத்துவிட்டார். பிள்ளைகள் படத்துக்காக சிகரெட் வாங்கக் கூடாது என்று மறுத்தார் என்பது ஒரு கதை. கம்பெனி காசு தரவில்லை, அதனால் மறுத்தார் என்பது இன்னொரு கதை. வாக்னரே புகையிலை மெல்லுகிறவர், சுருட்டுப் பெட்டியில் படம் போட அனுமதித்தவர். எனவே முதல் கதையை அப்படியே விழுங்கவும் முடியாது, இரண்டாவதுதான் உண்மை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. எதுவானாலும், இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் வாக்னர் அட்டைகள் சுமார் 60தான்.

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ரசிகர் ஒருவர் தன் டீமின் டி206 வீரர்களை முழுசாகச் சேர்க்கணும் என்றால் இந்த ஒரு அட்டையில் வந்து முட்டி நிற்பார்.

ஆனால் அவர் பேஸ்பால் பைத்தியம் இல்லை

இங்கேதான் பர்டிக்கைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேஸ்பால் அட்டை உலகத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் எந்த டீமுக்காகவும் தொண்டை கிழியக் கத்தியவர் இல்லை அவர். அவர் சேர்த்த மொத்தத்தில் பேஸ்பால் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சோப்பு விளம்பர அட்டை, காப்பிப் பொட்டலத்தில் வந்த படம், காதலர் தின வாழ்த்து, தபால் அட்டை, சுருட்டைச் சுற்றி வரும் காகித வளையம், காகித பொம்மை. சாதாரண ஜனங்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட எல்லாமே.

ஒரு விதத்தில் அதுவே நல்லதாகப் போனது. டீம் ரசிகராக இருந்திருந்தால் தன் டீமை மட்டும் சேர்த்திருப்பார். மற்ற டீம் வீரர்களைக் கொடுத்து மாற்றியிருப்பார். யாருக்கும் வேண்டாத, சராசரியாக ஆடி இரண்டு வருஷத்தில் காணாமல் போன வீரரின் அட்டையும் பட்டியலில் இடம்பெற்றதற்கு, எல்லா டீமையும் அவர் ஒரே மாதிரி பார்த்ததுதான் காரணம். பின்னால் வந்த ரசிகர்கள் அவரவர் டீமைத் தேடிச் சேர்க்க இந்த நடுநிலைப் பட்டியல்தான் உதவியது.

நமக்கும் இப்படி ஒருவர் இருந்தார். காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை மட்டுமில்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப்போடுவதையும் விடாமல் சேர்த்தவர். அவர் 1992இல் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக ஆக்க உதவியது. அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தமிழ் ஆய்வாளர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பர்டிக்குக்கும் அந்தக் கவலை இருந்தது. தனி ஆள். வாரிசு இல்லை. உடம்பு வருஷத்துக்கு வருஷம் மோசமாகிறது. தான் போன பிறகு இந்தப் பெட்டிகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதத்தை நாட்டுக்காகக் கொடுங்கள் என்று கேட்டு ஊர் ஊராகத் திரட்டினார்கள். எத்தனையோ பேருடைய அட்டைகள் அப்படிக் கூழாய்ப் போயின. அதையும் அவர் பார்த்தவர்.

மியூசியத்துக்குப் போன அட்டைகள்

1947இல் பர்டிக் நியூயார்க் நகரத்தின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அணுகினார். எகிப்தியக் கோயிலும் ஐரோப்பிய மேதைகளின் ஓவியங்களும் இருக்கிற இடம். அங்கே போய் சிகரெட் அட்டையைக் கொடுக்கிறேன் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அச்சோவியப் பிரிவின் காப்பாளராக இருந்தவர் ஹையாட் மேயர். அச்சில் வந்த மலிவான படங்களும் ஒரு காலத்தின் சாட்சிதான் என்று நினைக்கிற ஆள். வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் மூட்டையாகக் கொடுத்தால் யாருக்கும் பயன்படாது, வரிசைப்படுத்தி ஆல்பத்தில் ஒட்டித்தான் வைக்கணும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் பர்டிக்தான்.

அப்படித்தான் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டி கட்டி அனுப்பினார். காசு வாங்கவில்லை, அன்பளிப்பு. பகலில் தொழிற்சாலை வேலை, பிறகு இது. பல வருஷம் இப்படியே ஓடியது. மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல் என்றால் இந்த வேகத்தில் என்றைக்கு முடியும்?

1959இல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நியூயார்க் நகரத்துக்கே குடிவந்துவிட்டார். அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு மேசை ஒதுக்கினார்கள். தினமும் வருவார். அட்டையைப் பிரிப்பார், வரிசை பார்ப்பார், ஒட்டுவார். மூட்டுவாதம் பிடித்த கை. ஒரு தாளில் பத்து அட்டையை நேராக ஒட்டுவது நல்ல கைக்கே பொறுமையைச் சோதிக்கிற வேலை. அவருக்குப் பசை மூடியைத் திறப்பதே ஒரு வேலையாக இருந்திருக்கும். சில நாள் வர முடியாமல் போகும், பிறகு மறுபடி வருவார். முடிப்பதற்குள் தான் முடிந்துபோவோமோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது.

1963 ஜனவரி 10. கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். சிரமப்பட்டு எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். வீடு திரும்பவில்லை. மார்ச் 13ஆம் தேதி இறந்துபோனார். வயது 62 அல்லது 63.

50 டாலர் எங்கே, 57 கோடி எங்கே?

அவர் போன பிறகு நடந்ததை அவர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பது சுவாரசியமான கேள்வி. அவர் காலத்தில் அட்டை என்பது மாற்றிக்கொள்கிற சாமான். அதன் பிறகு அது முதலீடு ஆனது.

1952இல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 407 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. கடைசியாக வந்த நம்பர்கள் சரியாக விற்கவில்லை. கிடங்கில் தூங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். அந்த விற்காத நம்பர்களில் மிக்கி மேன்டில் அட்டையும் ஒன்று. 2022இல் அதில் ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய். அதே மாதம், அதே ஆகஸ்ட்டில், ஒரு வாக்னர் அட்டை 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. சுமார் 57 கோடி. பர்டிக் பட்டியலில் 50 டாலர் போட்ட அதே அட்டை.

பணம் வந்த இடத்தில் வேறு சிலதும் வந்தது. 1991இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி, தன் டீமின் உரிமையாளரோடு சேர்ந்து ஒரு வாக்னர் அட்டையை 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். உலகத்திலேயே புத்தம் புதுசு மாதிரி இருக்கும் வாக்னர் என்று பேர். 2007இல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. அந்த அட்டையின் ஓரத்தை முன்பே வெட்டி நேர்செய்திருந்தேன் என்று அதை ஆரம்பத்தில் விற்ற ஏலக்காரரே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது அட்டை உலகத்தில் பெரிய பாவம். மூலை மழுங்கினாலே விலை பாதியாகும் இடத்தில் கத்தியை வைத்து ஓரத்தை வெட்டியிருக்கிறார்.

இன்று பேஸ்பால் அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சீல் வைத்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதி விற்கிறார்கள். கையால் தொடக் கூடாது.

பர்டிக் என்ன செய்தார்? எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டினார். அவரிடமும் ஒரு வாக்னர் அட்டை இருந்தது. அதையும் டி206 ஆல்பத்தில், மற்ற பைரட்ஸ் வீரர்களை ஒட்டிய மாதிரியே ஒட்டினார். இதைக் கேள்விப்படும் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு வயிறு எரியும். பின்பக்கம் பார்க்க முடியாது, பிரித்தால் கிழியும், கண்டிஷன் போச்சு என்பார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பின்பக்க விளம்பரத்தையும் படிக்கிற மாதிரி ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் விற்கிற எண்ணமே இல்லாதவருக்கு மறுவிற்பனை விலையைப் பற்றி என்ன கவலை? ஒட்டிய அட்டை திருடு போகாது, கலைந்து போகாது, அடுத்த அட்டைக்குப் பக்கத்தில் அதன் இடத்திலேயே இருக்கும்.

இப்போதும் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் உள்ள பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கும் மேல். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். அமெரிக்க பேஸ்பால் ஆய்வு அமைப்பான சேபர், அட்டைச் சேகரிப்புக்குப் பங்களித்தவர்களுக்கு ஜெஃபர்சன் பர்டிக் பெயரில் விருது கொடுக்கிறது.

மங்கலம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டும் இதைப் பார்க்கலாம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பர்டிக் தொகுப்பின் பல ஆயிரம் அட்டைகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், காசு கிடையாது. தேடும் கட்டத்தில் பர்டிக் பெயரையும் டி206 என்ற நம்பரையும் ஆங்கிலத்தில் அடித்தால், சட்டைக் காலரைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு, மார்பில் பிட்ஸ்பர்க் என்று எழுதிய வாக்னர் வந்து நிற்பார். கீழே அன்பளிப்பு கொடுத்தவர் பெயர் இருக்கும்.